‘கூகுளில் முதல் இடம் உறுதி’ என்பவரிடம் பணம் கட்டுவதற்கு முன்...

“உங்கள் கடையைக் கூகுளின் முதல் பக்கத்திற்குக் கொண்டு வருகிறோம். மூன்றே மாதம். உறுதி!” என்ற அழைப்போ புலனச் செய்தியோ இப்போது நம் சிறு வணிகர்கள் பலருக்கும் பழகிப்போன ஒன்று. கேட்டரிங் செய்பவர், கானோபி வாடகைக்கு விடுபவர், மணமேடை அலங்காரம் செய்பவர், குளிர்சாதனம் பழுது பார்ப்பவர், டியூஷன் மையம் நடத்துபவர் என யாரும் இதற்கு விலக்கல்ல. கைப்பேசி எண்ணை முகநூலில் போட்ட மறுவாரமே இத்தகைய அழைப்புகள் வரத் தொடங்கிவிடும்.

இந்தச் சேவையின் பெயர் தேடுபொறி உகப்பாக்கம். சுருக்கமாக எஸ்இஓ. இது ஏமாற்று வேலையன்று. முறையாகச் செய்தால் பலன் தரும் தொழில்தான். ஆனால், எதை வாங்குகிறோம் என்று தெரியாமலேயே பணம் கட்டுபவர்கள் அதிகம். அந்தப் பணம் சிலருக்குத் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனாக இருக்கும். சிலருக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதியாக இருக்கும். பணத்தோடு போவதும் உண்டு, கடையின் இணைய முகவரியையும் சேர்த்து இழப்பதும் உண்டு. அதனால் இந்தச் சேவை என்ன, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கலாம், நாமே கற்றுக்கொள்ள முடியுமா என்பதை ஒவ்வொரு வணிகரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எஸ்இஓ என்றால் என்ன?

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் செக்ரோல் தெரியும். காலைப் பெரட்டில் பெயர் பதிந்தால்தான் அன்றைய நாள் கணக்கில் வரும். கூகுளும் ஒரு மாபெரும் செக்ரோலை வைத்திருக்கிறது. அதன் மென்பொருள் ஓயாமல் உலகத்தின் அகப்பக்கங்களைச் சுற்றி வந்து படிக்கிறது. படித்ததைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. யாராவது ஒரு சொல்லைத் தேடும்போது, அந்தப் பதிவேட்டில் பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது. படிப்பது, பதிவது, வரிசைப்படுத்துவது ஆகிய மூன்றுதான் அடிப்படை.

எஸ்இஓ வேலை என்பது இந்த மூன்றிலும் நம் அகப்பக்கத்திற்கு இருக்கும் தடைகளை நீக்குவது. அகப்பக்கம் கைப்பேசியில் விரைவாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திற்கும் தெளிவான தலைப்பு வேண்டும். கடை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, விலை என்ன என்ற கேள்விகளுக்குப் பக்கத்திலேயே விடை இருக்க வேண்டும். மற்ற நல்ல அகப்பக்கங்கள் நம்மைக் குறிப்பிட்டு இணைப்புக் கொடுத்தால் அதுவும் மதிப்பைக் கூட்டும். 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோதே, ஒரு பக்கத்திற்கு மற்ற பக்கங்கள் தரும் இணைப்புகளைப் பரிந்துரைகளாக எடுத்துக்கொள்வதுதான் அவர்களின் புதிய யோசனையாக இருந்தது. இன்று அதோடு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன.

ஒன்றை மட்டும் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேடல் முடிவுகளின் மேலே ‘விளம்பரம்’ என்ற பொருள்படும் குறிப்போடு வருபவை காசு கொடுத்து வாங்கிய இடங்கள். அதற்குக் கீழே இயல்பாக வரும் பட்டியலில் இடம் பிடிக்கக் கூகுள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. “கூகுளில் எங்களுக்கு ஆள் இருக்கிறது, பணம் கட்டினால் மேலே ஏற்றுவார்கள்” என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

காசில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை

ஊர் அளவில் தொழில் செய்பவருக்கு அகப்பக்கத்தைவிட முக்கியமானது கூகுள் வரைபடத்தில் வரும் கடைப் பதிவு. இதற்குக் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். 2021ஆம் ஆண்டு இறுதிவரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது இதுதான். இதைத் திறக்கவும் வைத்திருக்கவும் கட்டணம் இல்லை. “உங்கள் கூகுள் பதிவு காலாவதியாகப் போகிறது, புதுப்பிக்கப் பணம் கட்டுங்கள்” என்று வரும் அழைப்பு எதுவானாலும் அது பொய்.

வரைபடத்தில் யார் முன்னால் வருவது என்பதற்குக் கூகுள் மூன்று காரணங்களைச் சொல்கிறது. தேடுபவர் கேட்டதற்குக் கடை பொருந்துகிறதா, கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அது எவ்வளவு அறியப்பட்டது என்பவையே அவை. தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. கிள்ளானில் இருக்கும் கடையைக் காஜாங்கில் தேடுபவரின் கைப்பேசியில் முதலில் நிறுத்துவது கடினம். மற்ற இரண்டையும் கடைக்காரரே கவனித்துக்கொள்ளலாம். தொழில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது, திறக்கும் நேரத்தைச் சரியாக எழுதுவது, பண்டிகைக் கால நேரத்தை மாற்றிப் போடுவது, சொந்தமாக எடுத்த படங்களைச் சேர்ப்பது, வாடிக்கையாளர் எழுதும் கருத்துகளுக்குப் பதில் எழுதுவது ஆகியவை வாரத்தில் அரை மணி நேரத்து வேலை.

வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு. அடுக்குமாடி வீட்டில் முறுக்கு சுட்டு வாடிக்கையாளர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்மணி தம் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊர்களுக்குக் கொடுக்கிறார் என்பதை மட்டும் காட்டலாம். அத்தகைய பகுதிகள் 20 வரை சேர்க்க முடியும். ஆனால், வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் முழுக்க முழுக்க அஞ்சலில் மட்டுமே விற்பவர் இந்தப் பதிவுக்குத் தகுதி பெற மாட்டார்.

இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். கடைப் பெயரோடு ‘மலிவு விலை, சிறந்த கேட்டரிங், கிள்ளான்’ என்று விளம்பரச் சொற்களை ஒட்டுவது கூகுளின் விதிக்கு எதிரானது, பதிவே முடக்கப்படலாம். நல்ல கருத்து எழுதினால் தள்ளுபடி தருகிறேன் என்பதும் விதிமீறல்தான். கருத்து எழுதுங்கள் என்று கேட்கலாம். அதற்குக் கூலி கொடுக்கக்கூடாது. ஐம்பது நல்ல கருத்துகளை மொத்தமாக விற்கும் ஆட்களிடம் வாங்குவது கடையின் பெயரைத்தான் கெடுக்கும்.

வாடிக்கையாளர் என்ன சொல்லித் தேடுகிறார்?

எஸ்இஓ வேலையில் பாதி, சொல்லைக் கண்டுபிடிப்பதுதான். இதில் மலேசியத் தமிழ் வணிகருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் ‘பூக்கடை’ என்று பலகை வைக்கிறோம். வாடிக்கையாளர் ஒருவர் ‘கெடாய் பூங்கா’ என்று மலாயில் தேடுகிறார். இன்னொருவர் ‘ஃபிளவர் ஷாப்’ என்று ஆங்கிலத்தில் தேடுகிறார். தமிழர்களிலேயே பலர் ‘கல்யாண மாலை’ என்பதை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்கிறார்கள். அதையும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். மணமேடை அலங்காரம் செய்பவரின் அகப்பக்கத்தில் ‘பெலாமின்’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லையென்றால், அந்தச் சொல்லால் தேடுபவருக்கு அவர் இல்லாதவர்தான்.

எனவே, யாரையும் பணியமர்த்துவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கடந்த ஒரு மாதத்தில் வாடிக்கையாளர்கள் தொலைபேசியிலும் புலனத்திலும் கேட்ட கேள்விகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதலாம். “சைவ பஃபே 200 பேருக்கு எவ்வளவு?”, “ஞாயிற்றுக்கிழமை டெலிவரி உண்டா?”, “ரவாங்குக்கு வருவீர்களா?” என்பவையெல்லாம் அகப்பக்கத்தில் விடை எழுதப்பட வேண்டிய கேள்விகள். எந்தச் சொல் எந்தக் காலத்தில் அதிகம் தேடப்படுகிறது என்பதைக் கூகுள் டிரெண்ட்ஸ் இலவசமாகக் காட்டும். தீபாவளிப் பலகாரம் விற்பவர் அதைப் பார்த்தால், எந்த வாரத்திலிருந்து தேடல் கூடுகிறது என்பதை அறிந்து அதற்கு முன்பே பக்கத்தைத் தயார் செய்துகொள்ளலாம்.

விலை எதற்கு?

எஸ்இஓ சேவைக்கு அரசு நிர்ணயித்த விலை எதுவும் இல்லை. மாதம் சில நூறு வெள்ளியிலிருந்து பல ஆயிரம் வெள்ளி வரை கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டண முறைகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, மாதக் கட்டணம். ஒவ்வொரு மாதமும் ஒரு தொகை. அதற்குத் தொடர்ந்து வேலை. இரண்டாவது, ஒரு முறைக் கட்டணம். அகப்பக்கத்தைச் சோதித்து, குறைகளைப் பட்டியலிட்டு, திருத்திக் கொடுப்பதோடு முடிந்துவிடும். மூன்றாவது, மணிக்கணக்கில் ஆலோசனை. நான்காவது, “ஏறினால் மட்டும் பணம்” என்ற முறை.

நான்காவது முறை கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். சிக்கல் எங்கே என்றால், எந்தச் சொல்லுக்கு ஏறினால் பணம் என்பதில்தான். கடையின் சொந்தப் பெயரைத் தேடினால் அந்தக் கடை பெரும்பாலும் தானாகவே முதலில் வரும். யாருமே தேடாத நீளமான சொற்றொடருக்கு முதலிடம் பிடிப்பதும் எளிது. அவற்றையெல்லாம் சேர்த்து “பத்துச் சொற்களில் எட்டுக்கு முதலிடம்” என்று காட்டிப் பணம் கேட்டால், ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியிருக்கும். கடைக்கு ஒரு வாடிக்கையாளர்கூட கூடியிருக்க மாட்டார்.

எந்த முறையாக இருந்தாலும் உண்மையில் நாம் வாங்குவது ஒருவரின் வேலை நேரத்தைத்தான். இடத்தை யாராலும் விற்க முடியாது. அது கூகுளின் கையில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்தால் விலையை எடைபோடுவது எளிது. மாதம் 300 வெள்ளி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்திற்கு 50 வெள்ளி என்று கணக்கிட்டாலும் அது 6 மணி நேர வேலை. அந்த 6 மணி நேரத்தில் 50 சொற்களுக்கு வேலை, 20 கட்டுரைகள், 500 இணைப்புகள் என்று பட்டியல் நீண்டால், ஒன்று அது நடக்காது, அல்லது இயந்திரத்தைக் கொண்டு குப்பையாக நடக்கும். அதே 6 மணி நேரத்தில் இரண்டு பக்கங்களைச் செம்மையாக எழுதித் தருகிறேன் என்பவர் நேர்மையானவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

விலைப்பட்டியலில் சேவை வரி சேர்த்திருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் இந்த வரி 8 விழுக்காடு. ஆனால், சுங்கத் துறையில் பதிவு பெற்றவர் மட்டுமே அதை வசூலிக்க முடியும். விளம்பரம், தகவல் தொழில்நுட்பம் போன்ற சேவைகளுக்கு 12 மாத விற்பனை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டும்போதுதான் அந்தப் பதிவு கட்டாயமாகிறது. தனி ஆளாகச் செய்பவர் வரி கேட்டால், பதிவு எண்ணைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

முதலில் நம் பக்கத்துக் கணக்கு

சேவை மலிவா, விலை அதிகமா என்பது கேட்கும் தொகையில் இல்லை. நம் தொழிலின் லாபத்தில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

கேட்டரிங் செய்பவர் ஒருவருக்கு ஓர் ஆர்டரில் செலவு போக 250 வெள்ளி நிற்கிறது. எஸ்இஓ கட்டணம் மாதம் 1,200 வெள்ளி. போட்ட பணம் திரும்பவே மாதத்திற்கு 5 கூடுதல் ஆர்டர்கள் வேண்டும். விசாரிப்பவர்களில் நால்வரில் ஒருவர்தான் ஆர்டர் கொடுக்கிறார் என்றால், மாதம் 20 புதிய விசாரிப்புகள் வர வேண்டும். ஊரில் அவ்வளவு பேர் தேடுகிறார்களா, வந்தால் சமைக்க ஆள் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு ஆம் என்ற விடை கிடைத்தால் யோசிக்கலாம்.

இன்னொருவர் முறுக்கு விற்கிறார். ஒரு டின்னில் 8 வெள்ளி நிற்கிறது. அதே 1,200 வெள்ளிக்கு அவர் மாதம் 150 டின்கள் கூடுதலாக விற்க வேண்டும். வீட்டு அடுப்பில் சுடுபவருக்கு அது இயலாத காரியம். அவருக்கு மேலே சொன்ன இலவசப் பதிவும், ஒழுங்கான படங்களும், புலனத்தில் உடனுக்குடன் பதிலும் போதும்.

காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொதுவாகப் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பது கூகுளே வணிகர்களுக்குச் சொல்லும் அளவு. அப்படியானால் மாதம் 1,200 வெள்ளி என்பது, ஆறு மாதத்திற்கு 7,200 வெள்ளியை வருமானம் இல்லாமலேயே தாங்கும் வலு. அந்த வலு இல்லாமல் கடனில் இறங்கினால், பலன் வரத் தொடங்கும் நேரத்தில் பணம் தீர்ந்து நிறுத்த வேண்டியிருக்கும். அடுத்த மாதமே ஆர்டர் வேண்டும் என்பவருக்கு எஸ்இஓ சரியான கருவியன்று. அவருக்குச் சிறு தொகையில் விளம்பரம் போட்டுப் பார்ப்பதோ, பழைய வாடிக்கையாளரை அழைத்துப் பேசுவதோ பொருத்தமானது.

உறுதிமொழிகளின் மறுபக்கம்

முதலிடத்திற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் உத்தரவாதம் தருபவர்கள் சில வழிகளைக் கையாள்கிறார்கள்.

ஒன்று, விளம்பரத்தை எஸ்இஓ என்று காட்டுவது. கடைக்காரர் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் கூகுள் விளம்பரத்தில் போட்டு, “பாருங்கள், மேலே வந்துவிட்டீர்கள்” என்பார்கள். பணம் நின்ற நாளில் இடமும் போய்விடும்.

இரண்டு, கடைக்காரரின் கைப்பேசியிலேயே தேடிக் காட்டுவது. தேடுபவர் நிற்கும் இடம், அவர் முன்பு பார்த்த பக்கங்கள் ஆகியவற்றுக்கேற்ப முடிவுகள் மாறும். கடைக்குள் நின்று தேடினால் அந்தக் கடை மேலே வருவது இயல்புதான். அது சான்றாகாது.

மூன்று, மொத்தமாக இணைப்புகளை வாங்குவது. ‘ஆயிரம் இணைப்புகள், நூறு வெள்ளி’ என்ற விளம்பரங்கள் இதைச் சேர்ந்தவை. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்ததே இத்தகைய செயற்கை இணைப்புகளை முறியடிக்கத்தான். பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2006இல் பி.எம்.டபிள்யூ காரின் ஜெர்மன் அகப்பக்கம், தேடுபொறிக்கு ஒன்றும் பார்வையாளருக்கு வேறொன்றும் காட்டியதற்காகக் கூகுள் பட்டியலிலிருந்தே சில நாள் நீக்கப்பட்டது. 2011இல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைத்தொடருக்காகப் பல அகப்பக்கங்களில் விலைக்கு வாங்கிய இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. அதன் இடங்கள் சரிந்தன. அவர்களிடம் மீண்டு வர ஆளும் பணமும் இருந்தன. சிறு கடைக்கு அது இருக்காது.

நான்கு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நூற்றுக்கணக்கான பக்கங்களை எழுதிக் குவிப்பது. நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்துவது குற்றமன்று. ஆனால், யாருக்கும் பயன்படாத பக்கங்களை இடம் பிடிப்பதற்காக மட்டும் மொத்தமாகக் குவிப்பதை 2024 மார்ச் முதல் கூகுள் தன் விதிகளில் முறைகேடாகவே குறித்திருக்கிறது.

சாவி யார் கையில்?

பணத்தைவிடப் பெரிய இழப்பு இதில்தான் நேர்கிறது. கடைக்கு வாடகைக்கு வண்ணம் பூச வந்தவர், வேலை முடிந்ததும் கடைச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள நாம் விட மாட்டோம். இணையத்தில் அதைத்தான் பலர் செய்கிறார்கள். “எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்ற ஒரு சொல்லுக்கு மயங்கி, எல்லாவற்றையும் அவர்கள் பெயரிலேயே பதிய விட்டுவிடுகிறார்கள்.

நம் பெயரில், நம் மின்னஞ்சலில் இருக்க வேண்டியவை ஐந்து. அகப்பக்க முகவரி, அகப்பக்கம் தங்கியிருக்கும் சேவையகக் கணக்கு, கூகுள் பிசினஸ் புரொஃபைல், சர்ச் கன்சோல், அனலிட்டிக்ஸ் ஆகியவையே அவை. அகப்பக்க முகவரி யார் பெயரில் பதியப்பட்டிருக்கிறதோ அவரே அதன் உரிமையாளராகக் கருதப்படுவார். ‘டாட் மை’ முகவரிகளை மைனிக் நிறுவனம் நிர்வகிக்கிறது. ‘டாட் காம் டாட் மை’ என்று முடியும் முகவரிக்குத் தொழில் பதிவு தேவை. எனவே, அது நம் தொழிலின் பதிவில்தான் எடுக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிசினஸ் புரொஃபைலில் முதன்மை உரிமையாளர், உரிமையாளர், நிர்வாகி என்ற நிலைகள் உள்ளன. கடைக்காரர் முதன்மை உரிமையாளராக இருந்துகொண்டு, சேவை தருபவரை நிர்வாகியாக மட்டும் சேர்க்கலாம். நிர்வாகியால் படம் போடவும் நேரத்தை மாற்றவும் முடியும். பதிவை அழிக்கவோ மற்றவரை நீக்கவோ முடியாது. வேலை முடிந்ததும் அவரை ஒரு சொடுக்கில் நீக்கிவிடலாம். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்கத் தேவையே இல்லை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர் கருத்துகள் அந்தப் பதிவில் இருக்கின்றன. அதை இழந்தால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

நிறுவனமோ தனி ஆளோ, பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

1. உங்கள் தொழில் பதிவு எண் என்ன? (மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம் பதிவில் அதைச் சரிபார்க்கலாம்.)

2. இதற்கு முன் யாருக்குச் செய்தீர்கள்? அவர்களை அழைத்துப் பேசலாமா?

3. முதல் மாதத்தில் எந்தெந்தப் பக்கத்தில் என்ன மாற்றம் செய்வீர்கள்?

4. எந்தச் சொற்களுக்கு வேலை செய்வீர்கள்? அவற்றை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

5. இணைப்புகளை எங்கிருந்து பெறுவீர்கள்? விலைக்கு வாங்குவீர்களா?

6. ஒவ்வொரு மாதமும் என்ன அறிக்கை தருவீர்கள்? சர்ச் கன்சோலில் நானே அதைப் பார்க்க முடியுமா?

7. எழுதும் கட்டுரைகளும் எடுக்கும் படங்களும் யாருக்குச் சொந்தம்?

8. நிறுத்த வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? மீதிப் பணம் என்னவாகும்?

மூன்றாவது கேள்விக்கு அகப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர். பார்க்காமலேயே “பேக்கேஜ்” விலை சொல்பவர் எல்லாருக்கும் ஒரே சட்டையை விற்பவர். ஐந்தாவது கேள்விக்கு “அது எங்கள் ரகசியம்” என்று பதில் வந்தால் எழுந்துவிடலாம். ஓராண்டுக்கு முன்பணம் கேட்டால், முதலில் அகப்பக்கச் சோதனைக்கு மட்டும் பணம் கட்டி, அந்த அறிக்கையைப் பார்த்தபின் முடிவு செய்கிறேன் என்று சொல்லலாம். அந்த அறிக்கை நமக்கே சொந்தமாக இருக்கும். வேறொருவரிடம் காட்டியும் வேலையைத் தொடரலாம்.

பேசி முடித்ததை எழுத்தில் வாங்க வேண்டும். புலனத்தில் பேசியிருந்தாலும் அந்த உரையாடலையும் பணம் கட்டிய சீட்டையும் அழிக்கக்கூடாது.

பணம் போய்விட்டால்?

பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த மற்றும் குடும்பப் பயன்பாட்டுக்காக வழக்கமாக வாங்கும் பொருளையும் சேவையையுமே மையமாகக் கொண்டது. தொழிலுக்காக வாங்கிய எஸ்இஓ சேவை அதற்குள் அடங்காமல் போகலாம். சிறு தொகையென்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே தொடுக்கக்கூடிய சிறு கோரிக்கை வழக்கு ஒரு வழி. அதற்கும் எழுத்துச் சான்று வேண்டும்.

சரியாக வேலை செய்யாதது வேறு, மோசடி வேறு. கூகுளிலிருந்து அழைப்பதாகச் சொல்லி வங்கி அட்டை எண்ணையோ குறுஞ்செய்தியில் வந்த ரகசிய எண்ணையோ வாங்கிப் பணத்தை எடுத்துவிட்டால் அது மோசடி. உடனே வங்கியையோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடும்.

நாமே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். அதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. கூகுள் வெளியிட்டுள்ள எஸ்இஓ தொடக்க வழிகாட்டி இலவசமாகக் கிடைக்கிறது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏரெஃப்ஸ் நிறுவனமும், ஹப்ஸ்பாட், செம்ரஷ் ஆகிய நிறுவனங்களும் தொடக்க நிலைப் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எச்ஆர்டி கார்ப் நடத்தும் இ-லத்தே தளத்திலும் மின்னியல் சந்தைப்படுத்தல் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வீட்டில் கணினியோ நல்ல இணைய வசதியோ இல்லாத தோட்டப்புற, கிராமப்புற மக்கள் அருகிலுள்ள நாடி மையத்தை நாடலாம். முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட இந்த மையங்களில் சிறு வணிகர்களுக்கு இணைய விற்பனை பற்றிய வழிகாட்டலும் உண்டு.

ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி, ஆயிரக்கணக்கில் கட்டணம், முடிவில் ‘கூகுள் சான்றிதழ்’ என்ற விளம்பரங்களிடம் எச்சரிக்கை தேவை. எஸ்இஓ வல்லுநர் என்று கூகுள் யாருக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை. ‘கூகுள் பார்ட்னர்’ என்ற முத்திரை விளம்பரச் சேவையைச் சார்ந்தது. இயல்பான பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பாடத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் கைவேலையாகச் செய்து பார்ப்பதுதான் முக்கியம். முதல் வாரம் கடைப் பதிவைத் திருத்தலாம். இரண்டாம் வாரம் வாடிக்கையாளர் கேள்விகளைத் தொகுத்து ஒரு பக்கம் எழுதலாம். மூன்றாம் வாரம் அகப்பக்கத்தைச் சர்ச் கன்சோலில் இணைக்கலாம். எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை அது காட்டும். 16 மாதம் வரையிலான கணக்கு அதில் இருக்கும். நான்காம் வாரம் அந்தக் கணக்கைப் படித்து, அதிகம் காட்டப்பட்டும் யாரும் சொடுக்காத பக்கத்தின் தலைப்பை மாற்றி எழுதலாம்.

எஸ்பிஎம் முடித்து வேலை தேடும் இளையோருக்கும் இது ஒரு வழி. ஊர்க் கோயிலின் அகப்பக்கம், மாமாவின் கார்ப் பட்டறை, அத்தையின் தையல் கடை என்று கைக்கெட்டிய ஒன்றை எடுத்து, தொடங்கிய நாள் கணக்கையும் ஆறு மாதம் கழித்த கணக்கையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு எடுப்பவர் சான்றிதழைவிட அந்த இரண்டு படங்களைத்தான் கேட்பார். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதை அறிந்த பிள்ளைகள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். அந்த அறிவு தூர தேசத்திலிருந்து புலனத்தில் அழைப்பவரிடம் இருக்காது.

எல்லா வேலையையும் கடைக்காரரே செய்ய வேண்டும் என்பதில்லை. தொழில் வளர்ந்து நேரம் போதாதபோது ஆளை வைப்பது சரியான முடிவுதான். அடிப்படை தெரிந்திருந்தால், வைத்த ஆள் வேலை செய்கிறாரா என்பதைக் கடைக்காரரே பார்த்துக்கொள்ள முடியும். இன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கைப்பேசியை எடுத்து, நம் கடையின் கூகுள் பதிவு யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று பார்க்கலாம். அது நம்முடையதாக இல்லையென்றால், முதலில் அதைத் திரும்ப வாங்க வேண்டும். முதல் பக்கத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.